பத்திரத்தில் இல்லாத பெயர்

என் பேத்திக்கு எட்டு வயது. இங்கே பெங்களூரில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். சென்ற மாதம் 'குடும்ப மரம்' வரைந்து வரும்படி பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். வீட்டுப்பாடம் பிள்ளைகளுக்கு என்றாலும் அதைச் செய்து முடிப்பவர்கள் தாத்தா பாட்டிகள்தான் என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தி அல்ல! அட்டை, ஸ்கெட்ச் பேனா, பசை எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தோம். என் அப்பா, அவருடைய அப்பா வரைக்கும் எழுதிவிட்டேன். அதற்கு மேல் ஓடவில்லை. கும்பகோணத்தில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டேன்.

"பாகப்பிரிவினைப் பத்திரத்துல நாலு தலைமுறைப் பேரும் வரிசையா இருக்குக்கா. போட்டோ எடுத்து அனுப்புறேன்" என்றான். பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது.

1998-ல் பதிவான பத்திரம். கொள்ளுத் தாத்தா பெயர், தாத்தா பெயர், அப்பா பெயர், கடைசியில் என் தம்பிகள் இருவர் பெயர். பேத்தி ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் தமிழ் படிக்கிறவள். எழுத்துக் கூட்டி ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டே வந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பாட்டி, இதுல உன் பேரு எங்க?"

எங்கேயும் இல்லை. என் அம்மா பெயரும் இல்லை. அந்தப் பத்திரத்தின்படி எங்கள் வம்சத்தில் பெண்ணே பிறக்கவில்லை. ஆண்களுக்கு ஆண்களே பிறந்து, நஞ்சையும் புஞ்சையும் ஓட்டு வீடும் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கணினிக்கு முன்னால் உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் மகள் எழுந்து வந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் படித்தாள். "நீ இதைப் பத்தி ஏம்மா ஒரு நாளும் சொல்லவே இல்ல?" என்று கேட்டாள்.

அன்று மாலை எங்கள் வீட்டில் நடந்த பேச்சுத்தான் இந்தக் கட்டுரை. பெண்கள் இயக்கம் தலைமுறைக்குத் தலைமுறை எப்படி மாறி வந்திருக்கிறது என்று மேடையில் பேசச் சொன்னால் எனக்குக் கை கால் உதறும். எங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்துச் சொன்னால் ஒருவாறு சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

முதலில் பத்திரத்தின் கதை. எனக்குத் திருமணமானது 1986-ல். கணவருக்கு இங்கே ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் வேலை. ஐலண்ட் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிய என்னிடம் இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு குத்துவிளக்கு, பட்டதாரிச் சான்றிதழ். மூன்று வருடம் கழித்து 1989-ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. கூட்டுக் குடும்பப் பூர்விகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு என்ற சட்டம். 1989 மார்ச் 25 முதல் நடைமுறை. செய்தித்தாளில் படித்துவிட்டு அன்று முழுவதும் ஒரே பூரிப்பு. அப்புறம்தான் தெரிந்தது, அந்தத் தேதிக்கு முன்பே திருமணமான பெண்களுக்கு அது பொருந்தாதாம்! மூன்று வருடத்தில் தவறவிட்டேன்.

என் சித்தப்பா மகளுக்கு 1991-ல் திருமணம். சட்டம் அவளுக்குப் பங்கு கொடுத்துவிட்டது. அதனால் சித்தப்பா வீட்டில் பாகம் பிரித்தபோது அவளை ரிஜிஸ்தரார் ஆபீசுக்கு அழைத்துப் போய், விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தார்கள். "அண்ணன் தம்பி உறவு வேணுமா, அரை ஏக்கர் நிலம் வேணுமா?" என்று பெரியவர்கள் கேட்டால் எந்தப் பெண் நிலத்தைக் கேட்பாள்? எனக்கு அந்தக் கையெழுத்துக் கூடத் தேவைப்படவில்லை. பத்திரம் பதிவாகி இரண்டு வாரம் கழித்து அம்மா எழுதிய கடிதத்தில் கடைசி வரியில் சேதி தெரிந்தது. அதற்கு மேல் அந்தக் கடிதத்தில் வடகம் போட்ட செய்தி இருந்தது.

இந்தச் சொத்துக் கேள்வி ஒன்றும் என் காலத்தில் முளைத்ததல்ல. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டிலேயே பெண்களுக்கு ஆண்களைப் போலச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே சரியாக அறுபது வருடம். நாம் குடியேறிய இந்த ஊரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மைசூர் சமஸ்தானம் 1933-லேயே இந்துப் பெண்கள் உரிமைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, பாகம் பிரிக்கும்போது திருமணமாகாத மகளுக்கும் சிறிது பங்கு உண்டு என்று வைத்தது. சிறிதுதான். ஆனாலும் அவள் ஒருத்தி இருக்கிறாள் என்பதைக் காகிதத்தில் ஒப்புக்கொண்டது. 1989 தமிழ்நாட்டுச் சட்டம் போன்ற ஒன்று கர்நாடகத்தில் 1994-ல் வந்தது. நாடு முழுவதற்கும் 2005-ல் வந்தது. அதில்தான் திருமணமானவள், ஆகாதவள் என்ற பேதம் போயிற்று. அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்ற சிக்கலை 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவாகிவிட்ட பாகப்பிரிவினைகளைத் தொட முடியாது. எங்களுடையது 1998. மகள் தன் தோழியான வக்கீலுக்குப் போன் போட்டுக் கேட்டும் பதில் அதுதான்.

"நான் பணத்துக்காகக் கேக்கலடி" என்றேன்.

"அது எனக்குத் தெரியும். ஆனா நீ கேக்கவே இல்லையேம்மா" என்றாள்.

என் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

அம்மா பிறந்தது 1936-ல். ஐந்தாவது வரை படிப்பு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 'தாசிகள் மோசவலை' நாவலை வெளியிட்டதும் அதே வருடம் என்பதைப் பின்னாளில் நூலகத்தில் தற்செயலாகக் கண்டேன். எங்கள் மாயவரம் பக்கத்து ஊர்க்காரர் அந்த அம்மையார். தேவதாசி முறையின் கொடுமையை உள்ளே இருந்து பார்த்தவர். சட்டமன்றத்தில் நின்று அதே முறைக்கு எதிராகப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டையில் பிறந்தவர். 1927-ல் சென்னை சட்டசபைக்குள் நுழைந்த முதல் பெண். அதற்கும் பத்து வருடம் முன்னால், 1917-ல், அடையாறில் மார்கரெட் கசின்ஸ், அன்னி பெசன்ட் போன்றவர்கள் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்று கேட்டார்கள். சென்னை மாகாணம் 1921-ல் கொடுத்தது. பால்ய விவாகம், விதவை மறுமணம், கல்வி, ஓட்டு, தேவதாசி முறை என்று அந்தத் தலைமுறையின் கேள்விகள் எல்லாம் மலைபோல எதிரே நின்றவை. எது தவறு என்று விளக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு அதிகம் இல்லை. யார் எழுந்து நிற்பது என்பதுதான் பிரச்சினை. 1938 நவம்பரில் சென்னையில் நடந்த பெண்கள் மாநாட்டில்தான் ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்ற பட்டம் கொடுத்தார்கள். அதையடுத்து இந்தி எதிர்ப்பு மறியலில் கைக்குழந்தைகளோடு சிறைக்குப் போனவர்களும் அந்தப் பெண்களே.

என் தாய்மாமா ஒருவர் சுயமரியாதைக்காரர். புரோகிதர் இல்லாமல், தாலி இல்லாமல், மாலை மாற்றித் திருமணம் செய்துகொண்டவர். அந்தத் திருமணம் சட்டப்படி செல்லும் என்று ஆனது 1968-ல். அதற்குள் அவருக்கு மூன்று பிள்ளைகள்! அவர் வீட்டுத் திண்ணையில் வாரம் ஒரு நாள் கூட்டம். பெண் விடுதலை பற்றி விடிய விடியப் பேசுவார்கள். அம்மா அந்த வீட்டுக்குப் போயிருந்த நாள்களைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொல்லுவார்: "ஆம்பளைங்க அத்தனை பேரும் பொம்பளைங்களுக்கு விடுதலை வேணும்னு பேசுவாங்க. நானும் உங்க மாமியும் உள்ள நாப்பது பேருக்கு டீ போடுவோம்." கேலியாகச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. இரண்டுமாக இருக்கலாம். அந்தத் திண்ணைப் பேச்சு காதில் விழுந்ததால்தான் என்னைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும் என்று அப்பாவிடம் சண்டை போட்டு ஜெயித்தார். அதே அம்மாதான் பத்திரத்தைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு வடகத்துக்குப் போய்விட்டார்.

இப்படி ஒரு தலைமுறை பாதியில் விட்டதை அடுத்த தலைமுறை எடுத்துக்கொள்வதைத் தமிழ்நாட்டில் ஒரே குடும்பத்தில் பார்க்க வேண்டுமானால் மைதிலி சிவராமனைச் சொல்வேன். நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையில் வேலை பார்த்துவிட்டு 1968-ல் ஊர் திரும்பியவர். அந்த டிசம்பரில் கீழ்வெண்மணிக் கொடுமை. போய்ப் பார்த்து எழுதினார். பிறகு தொழிற்சங்கம், மாதர் சங்கம் என்று வாழ்நாளைக் கொடுத்தார். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் 1981-ல் சென்னையில் தொடங்கியபோது அதை வளர்த்தவர்களில் பாப்பா உமாநாத் போல இவரும் ஒருவர். இவ்வளவு வெளி வேலை செய்தவர், வயதான பின் ஒரு பழைய டிரங்குப் பெட்டிக்குத் திரும்பினார். அது அவருடைய பாட்டி சுப்புலட்சுமியின் பெட்டி. சிறுவயதில் திருமணம், பதினான்கு வயதுக்குள் தாய்மை, உப்பு இலாகாவில் வேலை பார்த்த கணவரோடு ஊர் ஊராக மாற்றல். அத்தனைக்கும் நடுவே டைரி எழுதினார்; புத்தகம் புத்தகமாகப் படித்தார்; மகள் பங்கஜத்தைச் சாந்திநிகேதனில் படிக்கவைக்க ஆசைப்பட்டார். அந்தப் பாட்டியின் வாழ்க்கையை மைதிலி ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதினார். 2021-ல் மைதிலி மறைந்தார். அவருடைய மகள் கல்பனா கருணாகரன், தம் பாட்டி பங்கஜத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். பேத்திகள் பாட்டிகளைத் தேடிப் போவது அந்தக் குடும்பத்தில் வழக்கமாகிவிட்டது போலும்! எங்கள் வீட்டுப் பாட்டிகளிடமும் டிரங்குப் பெட்டி இருந்தது. உள்ளே புடவைகளும் கற்பூரமும்தான் இருந்தன. அவர்களுக்கு எழுதத் தெரியாது.

சரி, என் முறைக்கு வருகிறேன்.

நான் கல்லூரியில் படித்த காலம்தான் இந்தியாவில் பெண்கள் இயக்கம் இன்னொரு பிறவி எடுத்த காலம். 'மதுரா வழக்கு' என்பார்கள். மகாராஷ்டிரத்தில் 1972-ல் காவல் நிலையத்துக்குள்ளேயே பாலியல் வன்முறைக்கு ஆளான பழங்குடிப் பெண்ணின் வழக்கில், காவலர்களை உச்ச நீதிமன்றம் 1978-ல் விடுதலை செய்தது. அவள் கூச்சல் போடவில்லை, உடம்பில் காயம் இல்லை என்பது காரணம். சட்டப் பேராசிரியர்கள் நால்வர் 1979-ல் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். அடுத்த ஆண்டு ஊர் ஊராகப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டில்தான் கணவன் வீட்டுக் கொடுமையைத் தனிக் குற்றமாக்கிய 498-ஏ பிரிவும் வந்தது. அம்மா தலைமுறையின் கேள்விகள் வீட்டு வாசலோடு நின்றன. பெண் படிக்கலாமா, ஓட்டுப் போடலாமா, மறுமணம் செய்யலாமா என்பதெல்லாம் வாசலைத் தாண்டும் கேள்விகள். எங்கள் தலைமுறை கதவைத் திறந்து உள்ளே போயிற்று. அடுப்பங்கரையில் என்ன நடக்கிறது, படுக்கையறையில் என்ன நடக்கிறது என்று கேட்டது. அதனால்தான் எங்களுக்குக் கிடைத்த வசவும் அதிகம். குடும்பத்தைக் கெடுக்க வந்தவர்கள் என்ற பட்டம் எங்களுக்குத்தான்.

பெங்களூரில் 'விமோசனா' என்ற பெண்கள் அமைப்பு 1979-ல் தொடங்கியது. 'ஸ்டவ் வெடித்து இளம் மனைவி சாவு' என்று இரண்டு வரிச் செய்தி அடிக்கடி வரும் நாள்கள் அவை. மாமியாருக்கு மட்டும் ஸ்டவ் வெடிப்பதில்லை, எப்போதும் மருமகளுக்கே ஏன் வெடிக்கிறது என்று கேட்டவர்கள் அவர்கள். தொண்ணூறுகளில், தற்கொலை என்றும் விபத்து என்றும் மூடப்பட்ட தீக்காயச் சாவுகளைத் தேடித் தேடிப் பதிவு செய்தார்கள். கறுப்பு உடை அணிந்து வாய் திறக்காமல் தெருவோரம் நின்றார்கள். கோஷம் போட்டுப் பழகிய ஊரில் அந்த மௌனம் என்னவோ செய்தது.

எனக்கு அதில் பங்கு மிகச் சிறியது. எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்த ஒரு தமிழ்க் குடும்பத்து மருமகள், கைக்குழந்தைக்காரி, ஒருநாள் அதிகாலை தீக்காயங்களோடு மருத்துவமனைக்குப் போனாள். தெருப் பெண்கள் மூன்று பேர் பின்னாலேயே ஓடினோம். வாக்குமூலம் வாங்க வந்தவர் கன்னடத்தில் கேட்டார். அவள் தமிழில் முனகினாள். கணவன் வீட்டார்தான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார்கள்! நான் குறுக்கே போய் "நான் சொல்லுகிறேன்" என்றேன். "நீங்க யாரு? சொந்தமா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். வெளியே நிற்கச் சொன்னார்கள். அவள் மறுநாள் போய்விட்டாள். 'சமையல் செய்யும்போது தவறுதலாக' என்று எழுதியாயிற்று. அதன்பிறகு சில வருடங்கள் ஒரு மகளிர் அமைப்பின் அலுவலகத்துக்கு மாதம் இரண்டு சனிக்கிழமை போய், தமிழ் மட்டும் தெரிந்த பெண்களுக்காக மொழிபெயர்த்துக் கொடுத்தேன். வேறொன்றும் செய்யவில்லை. வேற்று மொழி ஊரில் வாழ வந்த பெண்ணுக்குத் தன் துயரத்தைச் சொல்ல இன்னொருத்தியின் வாய் வேண்டியிருக்கிறது என்பதை அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

"இதையெல்லாம் சொன்னியே, பத்திரத்தைச் சொல்லலையே" என்றாள் மகள். விடமாட்டாள். அவள் வேலை அப்படி. மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கிறவள்.

அவள் 1989-ல் பிறந்தவள். அவள் தலைமுறைக்கு வீடு ஓரளவு தீர்ந்த கணக்கு, தெருவே பிரச்சினை. 2003-ல் இங்கே ஸ்ருஷ்டி கலைக் கல்லூரி மாணவி ஜாஸ்மீன் பதேஜா 'பிளாங்க் நாய்ஸ்' என்ற முயற்சியைத் தொடங்கினார். தெருவில் சீண்டலுக்கு ஆளானபோது அணிந்திருந்த உடையைக் கொண்டுவந்து கொடுங்கள் என்று பெண்களைக் கேட்டார்கள். சேர்ந்த உடைகளில் சுடிதார், புடவை, பள்ளிச் சீருடை எல்லாம் இருந்தன. உடைதான் காரணம் என்ற வாதத்துக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. பிற்பாடு, பெண்கள் பூங்காவில் பயமில்லாமல் படுத்துத் தூங்குவது என்று ஒரு நிகழ்ச்சி. மகள் என்னையும் கப்பன் பார்க்குக்கு இழுத்துப் போனாள். போர்வை விரித்துப் படுத்தேன். சுற்றிலும் சின்னப் பெண்கள் தூங்குகிறார்கள், சிலர் குறட்டை கூட விடுகிறார்கள். எனக்கு இமை மூடவில்லை. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, புடவையை இழுத்து இழுத்துக் காலை மூடிக்கொண்டு, ஒரு மணி நேரம் மரக்கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்கள் எத்தனை பேர் அந்தப் பூங்காவில் மதியம் துண்டை விரித்துத் தூங்குகிறார்கள் என்பதை அன்றுதான் கவனித்தேன்.

எல்லாவற்றிலும் அவளோடு ஒத்துப்போனேன் என்று சொன்னால் பொய். 2009 ஜனவரியில் மங்களூர் மது விடுதி ஒன்றில் பெண்களை அடித்து விரட்டினார்கள். அதற்குப் பதிலாக, தாக்கியவர்களின் தலைவருக்கு இளஞ்சிவப்பு உள்ளாடைகளை அஞ்சலில் அனுப்பும் இயக்கத்தை, பத்திரிகையாளர் நிஷா சூசன் தொடங்கினார். ஆயிரக்கணக்கில் பார்சல்கள் போயின. எனக்கு முகம் சுளித்தது. "எரிஞ்சு செத்த பொண்ணுங்களுக்காக நாங்க கறுப்புத் துணி கட்டிட்டு நின்னோம். நீங்க விளையாடுறீங்களே" என்றேன். "நீங்க செத்தவங்களுக்காக நின்னீங்க. நாங்க உயிரோட இருக்கிறதுக்காகக் கேக்குறோம்" என்றாள். இருபது வயதுப் பெண்ணிடம் அப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. 2016 டிசம்பர் 31 இரவு எம்.ஜி. ரோட்டிலும் பிரிகேட் ரோட்டிலும் நடந்ததும், அமைச்சரே மேல்நாட்டு உடையைக் காரணம் சொன்னதும் உங்களுக்கு நினைவிருக்கும். 2017 ஜனவரி 21 அன்று இந்தியா முழுவதும் பல ஊர்களில் பெண்கள் நடந்தார்கள். அன்று நானும் போனேன். முழங்கால் வலியோடு.

அதற்கடுத்து 2018 அக்டோபரில் 'மீ டூ'. பாடகி சின்மயி ஒரு மூத்த கவிஞர் மேல் குற்றம் சாட்டினார், அவர் மறுத்தார். நம்மவர் வீடுகளில் தட்டு தட்டாகப் பஜ்ஜியோடு அது விவாதிக்கப்பட்டது. நானும் கேட்டேன்: "நடந்திருந்தா அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, ஏன் இத்தனை வருஷம் கழிச்சு?" அன்று மகள் பதில் சொல்லவில்லை, சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பதில் சென்ற மாதம் வந்தது, பத்திரத்தின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு. "அன்னைக்குக் கேட்டியே, ஏன் இத்தனை வருஷமாச் சொல்லலன்னு. நீ ஏம்மா சொல்லல?"

என்னிடம் பதில் இல்லை. தம்பிகள் நல்லவர்கள். தீபாவளிக்குத் தவறாமல் பணம் அனுப்புகிறவர்கள். கேட்டால் அது போய்விடுமோ என்ற பயம். கேட்டாலும் கிடைக்காது என்பது வேறு. சொல்லாமலிருக்க இவ்வளவு போதுமாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் தர்மபுரிக்காரம்மா பாத்திரம் தேய்த்து முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். எங்கள் வீட்டில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறவர். அரூர்ப் பக்கம். வாச்சாத்தி என்ற ஊர்ப் பெயரை நான் முதலில் கேட்டது அவர் வாயிலிருந்துதான். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்த மலையடிவாரப் பழங்குடி ஊருக்குள் புகுந்தன. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011-ல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள். உயர் நீதிமன்றம் அதை 2023-ல் உறுதி செய்தது. முப்பத்தொரு வருடம்! அந்தப் பெண்களை வெளி உலகம் கேட்கவைத்ததில் மாதர் சங்கத்துக்கும் மலைவாழ் மக்கள் சங்கத்துக்கும் பெரும் பங்கு. மைதிலி சிவராமன் அதிலும் இருந்தார்.

"பத்திரத்துல பேரு இல்லைன்னா பேசிக்கிட்டிருக்கீங்க? எங்களுக்குப் பத்திரமே கிடையாதேக்கா" என்று சிரித்தார் தர்மபுரிக்காரம்மா.

அவருடைய மகள் பொம்மனஹள்ளிப் பக்கம் கார்மெண்ட்ஸில் தையல் மிஷின் ஓட்டுகிறாள். முதலாளி கட்டும் பி.எஃப். பங்கை 58 வயதுக்கு முன் எடுக்கக் கூடாது என்று 2016 பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு விதியைக் கொண்டுவந்தது. ஆபீசில் வேலை செய்பவர்களுக்கு அது ஒரு விதி மாற்றம். முப்பத்தைந்து வயதிலேயே கண்ணும் இடுப்பும் போய் வேலையை விடுகிற கார்மெண்ட்ஸ் பெண்ணுக்கு, கடன் அடைக்கவும் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டவும் இருக்கிற ஒரே பணம் அதுதான். ஏப்ரல் 18 திங்கட்கிழமை. எந்தச் சங்கமும் அழைக்கவில்லை. மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்து ஓசூர் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள், ஆயிரமாயிரம் பெண்கள். மறுநாளும் நடந்தது, தடியடி, கண்ணீர்ப் புகை. 19-ஆம் தேதி மாலைக்குள் மத்திய அரசு விதியைத் திரும்பப் பெற்றது. இரண்டே நாள். நம் வீடுகளில் அன்று எல்லாரும் டிராஃபிக்கைத் திட்டிக்கொண்டிருந்தோம். நானும்தான்.

இவர்களுடைய வரலாறு, நான் மேலே சொன்ன தலைமுறைக் கணக்கில் ஒட்டுவதில்லை. தெருவில் நடக்கும் உரிமையை இவர்கள் கேட்டதில்லை. விடிகாலை ஐந்து மணிக்குத் தெருவில் நடந்துதான் ஆக வேண்டும். வேலைக்குப் போகும் உரிமையையும் கேட்டதில்லை. சென்னையில் பிறந்து பெங்களூரில் பணிபுரியும் ரூத் மனோரமா சொல்லிவருவதும் ஏறக்குறைய இதுதான். அவருடைய தாயார் பண்டித ரமாபாயால் ஊக்கம் பெற்றுப் பெண் கல்விக்காக உழைத்தவர். மகள் குடிசைப் பகுதிப் பெண்களையும் வீட்டு வேலை செய்யும் பெண்களையும் திரட்ட 1985-ல் 'விமன்ஸ் வாய்ஸ்' அமைப்பையும், 1995-ல் தலித் பெண்களின் தேசியக் கூட்டமைப்பையும் தொடங்கினார். பெண் என்பதாலும் ஏழை என்பதாலும் தலித் என்பதாலும் மூன்று மடங்கு சுமை என்றார். 2006-ல் 'மாற்று நோபல்' என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது அவருக்குக் கிடைத்தது. வீட்டு வேலைக்குக் கர்நாடகம் 2004-ல் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது இப்படிப்பட்ட பல பெண்களின் பல வருட உழைப்புக்குப் பின்னால்தான்.

"2004-ல வந்துச்சா? நம்ம வீட்ல எப்பம்மா வந்துச்சு?" என்று கேட்டாள் மகள், தர்மபுரிக்காரம்மா போன பிறகு.

இதையும் எழுதிவிடுகிறேன். அந்தக் கூலி அட்டவணையை நான் பல வருடம் பார்த்ததே இல்லை. பொங்கலுக்குப் புடவை, மிச்சமான சாம்பார், பிள்ளைகளின் பழைய புத்தகம் எல்லாம் கொடுத்தேன். ஞாயிறு விடுமுறை கொடுக்க ஆரம்பித்தது 2012-ல், அதுவும் மகள் சண்டை போட்டு. ஸிங்க் பக்கத்து அலமாரியில் அவருக்கென்று ஒரு தனி டம்ளர் இருந்தது. மகளிர் அமைப்பு அலுவலகத்தில் மொழிபெயர்த்துவிட்டு வந்த சனிக்கிழமைகளிலும் அந்த டம்ளரில்தான் காபி கொடுத்தேன். கல்லூரி விடுமுறைக்கு வந்த மகள் ஒருநாள் அந்த டம்ளரில் தான் காபியை ஊற்றிக் குடித்துவிட்டு, கழுவி மற்ற டம்ளர்களோடு அடுக்கிவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் எது அந்த டம்ளர் என்று எனக்கே தெரியவில்லை.

இவ்வளவு பேச்சுக்கும் நடுவில் பேத்தி அட்டையில் மும்முரமாக இருந்தாள். பத்திரத்தை ஒதுக்கிவிட்டு, "நான் அம்மா பக்கமா வரையறேன்" என்று அவளே முடிவு செய்துவிட்டாள். அடியில் அவள், அதற்கு மேல் என் மகள், அதற்கு மேல் நான், எனக்கு மேல் என் அம்மா, அம்மாவுக்கு மேல் என் அம்மாச்சி. ஐந்து கட்டம் நிரம்பிவிட்டது. பக்கத்தில் தர்மபுரிக்காரம்மாவுக்கும் ஒரு கட்டம் போட்டிருந்தாள். மரத்தில் எந்தக் கிளையோடும் சேராமல், ஆனால் பச்சைக் கலரில்.

"அம்மாச்சியோட அம்மா பேரு என்ன பாட்டி?"

தெரியவில்லை. அப்பா பக்கம் நான்கு தலைமுறை ஆண்களின் பெயர்கள் முத்திரைத்தாளில் இருக்கின்றன. அம்மா பக்கத்தில் மூன்றாவது பெண்ணுக்கு மேல் எனக்கு ஏறத் தெரியவில்லை. மாயவரத்தில் இருக்கும் பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். தொண்ணூற்றொரு வயது. காது சற்று மந்தம். மூன்று முறை உரக்கக் கேட்ட பிறகு, "பேரா? 'பெரியாத்தா'ன்னுதான்டி கூப்பிடுவோம். பேரு சொல்லி யாரு கூப்பிட்டா? தாத்தா 'இந்தா'ன்னுவாரு. இரு, யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

இதை எழுதும்வரை பெரியம்மா திரும்பக் கூப்பிடவில்லை. அட்டையைத் திங்கட்கிழமை கொண்டுபோக வேண்டும். பேத்தி அந்தக் கட்டத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, பக்கத்திலேயே ரப்பரையும் எடுத்து வைத்திருக்கிறாள்.